முழுநேரம் என்பது யாருடைய நேரம்?

1

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் இயக்கம் ஒரு நாளை இப்படி மூன்று கூறாக்கிக் கேட்டது. 1886இல் சிகாகோவில் இதற்காக ரத்தம் சிந்தப்பட்டது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அதிலிருந்து நூறாண்டுகளாக இந்த எட்டு நம் சுவரொட்டிகளில் இருந்துவருகிறது. 8+8+8=24. கூட்டலில் பிசகில்லை. ஆனால் இந்த மூன்று எட்டில் எந்த எட்டில் சோறு பொங்குவது? எந்த எட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது? படுத்துக்கிடக்கிற மாமியாருக்குத் துணி மாற்றுவது எந்த எட்டு?

வேலை என்ற எட்டில் அது சேராது, அதற்குக் கூலி இல்லை. ஓய்வு என்ற எட்டிலும் சேராது. நம் விருப்பப்படி என்ற எட்டில் சேர்க்கலாம் என்றால், காலை நாலரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைப்பதை விருப்பம் என்று சொல்ல நல்ல தைரியம் வேண்டும். இந்த வாய்ப்பாட்டின் நாயகன், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறு தயாராக இருக்கும் ஒருவன். அவனுடைய இருபத்து நாலு மணி நேரத்துக்கு அடியில், இன்னொருத்தியின் இருபத்து நாலு மணி நேரம் விரிக்கப்பட்டிருக்கிறது.

2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. முதலில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது, அது வென்றதும் நல்லதே. ஆனால் நான் படித்த அறிக்கைகளில் எட்டு என்ற எண்ணைத்தான் காப்பாற்றினார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவளுக்கு வீட்டில் இன்னொரு ஷிஃப்ட் காத்திருக்கிறது, எட்டு மணி நேரம் முடித்து வருகிறவளுக்கும் அது காத்திருக்கத்தான் செய்கிறது என்பது பேச்சில் வரவில்லை.

வீட்டுப் பொறுப்பு பெண்ணின் வேலை வாழ்க்கையைப் பாதிக்கிறது என்று நாம் எல்லாரும் எழுதிவருகிறோம். எனக்கு இந்த வாக்கியத்திலேயே கோளாறு இருப்பதாகப் படுகிறது. வேலை என்பது எங்கோ தனியாக, தன்பாட்டுக்கு நிற்கிறது, பெண்தான் வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அதன்மேல் போட்டுவிடுகிறாள் என்ற தொனி இதில் இருக்கிறது. உண்மையில் ‘முழுநேர வேலை’, ‘ஒழுங்கான வருகை’, ‘எங்கே மாற்றினாலும் போகத் தயார்’, ‘ஓவர்டைம் பார்ப்பவர்’ என்ற அளவுகோல்கள் அத்தனையும் கூலியில்லாத வீட்டு வேலையை வைத்தே செய்யப்பட்டவை. வீட்டில் ஒரு மனைவி இருக்கிற உடம்பை அளந்து தைத்த சட்டை அது. அதைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, பொருந்தவில்லையே, உனக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள்.

2

உழைப்புச் சக்தியின் மதிப்பு என்பது தொழிலாளி உயிர்வாழ்வதற்கான பொருட்களின் மதிப்பு என்றார் மார்க்ஸ். அரிசி, துணி, வீட்டு வாடகை. ஆனால் அரிசியை யாரும் அப்படியே தின்பதில்லை. அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு உழைப்பு இருக்கிறது. மூலதனம் அதற்கு விலை கொடுப்பதில்லை, மார்க்சும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1972இல் மரியாரோசா தல்லா கோஸ்தாவும் செல்மா ஜேம்சும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். இல்லத்தரசி உற்பத்தி செய்வது அன்பை மட்டுமல்ல, உழைப்புச் சக்தி என்னும் சரக்கையே அவள்தான் உற்பத்தி செய்கிறாள் என்றார்கள். வீட்டு வேலைக்குக் கூலி கேட்கும் இயக்கம் அங்கிருந்து கிளம்பியது.

நமது சூழலில் இந்த உழைப்புக்குப் பெயர் ‘சும்மா’. “வீட்டுக்காரி என்ன பண்றாங்க?” “வேலைக்கெல்லாம் போகல, சும்மாதான் இருக்கா.” தெருப் பேச்சுத்தானே என்று இதைத் தள்ள முடியாது, அரசின் கணக்கும் இதையேதான் சொன்னது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைக்கைதிகள் ஆகியோரோடு சேர்த்து உற்பத்தியில் ஈடுபடாதோர் என்று வகைப்படுத்தியதை 2010இல் உச்ச நீதிமன்றமே கண்டிக்க நேர்ந்தது. கண்டித்த நீதிபதிக்கு நன்றி. பெண்ணைப் பிச்சைக்காரியோடு சேர்த்ததுதான் அவமானம், பிச்சைக்காரியை அப்படி ஒதுக்கியதில் தப்பில்லை என்று நாம் அதைப் படிக்காமல் இருப்போமாக.

கணக்கெடுப்புக்குத் தெரியாத இந்த வேலை, ஆள் எடுக்கிற ஏஜெண்டுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதுதான் விசேஷம். திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு. நிறுவனம் பாரபட்சத்தை மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தியின் பின்கதை எப்படியானாலும், அந்தக் காரணப் பட்டியலை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பாருங்கள். இல்லத்தரசி ‘சும்மா’ இருக்கிறாள் என்று மூலதனம் ஒருபோதும் நம்பியதில்லை என்பது தெரியும். அவளுக்கு வீட்டில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறதென்று அதற்கு அத்துபடி. அந்த மணி நேரத்துக்குக் காசு தர மனமில்லை, அந்த மணி நேரத்தைச் சுமப்பவளை உள்ளே விடவும் மனமில்லை.

3

பெண் உழைப்பு வேண்டும், ஆனால் அவளோடு ஒட்டிவரும் வீடு வேண்டாம். இந்தச் சிக்கலை மூலதனம் நம் பகுதிகளில் மூன்று வகையாகத் தீர்த்திருக்கிறது.

முதலாவது, வீடு இன்னும் ஒட்டாத வயதில் பெண்ணை எடுத்துக்கொள்வது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது இது. கல்யாணமாகாத பெண்ணை விடுதியில் வைத்து, சில ஆண்டுகள் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை. அந்தப் பெயரே ஒரு கருத்தியல் அறிக்கை: உன் வேலை உன் வாழ்க்கைக்கு முன்னுரைதான், உண்மையான உத்தியோகம் தாலி கட்டியபிறகு தொடங்கும். மின்னணு ஆலைகளின் காலத்தில் விடுதி இன்னும் பெரிதாகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. பாதுகாப்பான இடம், சுத்தமான அறை. அங்கே தங்குகிற பெண்கள் அதை விரும்பவே செய்வார்கள், ஊரின் கண்காணிப்பிலிருந்து அது ஒரு விடுதலையும்கூட. அதை மறுக்க நான் தயாரில்லை. ஆனால் இருபது வயதில் விரல் வேகத்தோடு அங்கே வந்து சேரும் அந்த உடம்பை இருபது ஆண்டுகள் சோறூட்டி, காய்ச்சலுக்கு விழித்திருந்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது ஏதோ ஒரு கிராமத்துத் தாய். ஆலையின் வரவுசெலவில் அவள் பெயருக்கு ஒரு பைசா இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பெண்ணும் அந்தத் தாயின் இடத்துக்குத்தான் திருப்பி அனுப்பப்படுகிறாள், அடுத்த இருபது வயதுக்காரியை உண்டாக்க.

இரண்டாவது வகை, வேலையையே வீட்டுக்கு அனுப்புவது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களைப் பாருங்கள். மடியில் தட்டு, பக்கத்தில் பிள்ளை, அடுப்பில் உலை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேலை நேரம் என்று ஒன்று இல்லாததால் வேலை முடிகிற நேரம் என்பதும் கிடையாது. “வீட்டுல இருந்துக்கிட்டே சம்பாதிக்கிறா” என்று ஊர் மெச்சும். இடமும் விளக்கும் இலை நனைக்கிற தண்ணீரும் அவளுடையவை, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவளுடையது. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு கணிப்பொறி வேலையில் இருக்கும் படித்த பெண்களுக்கும் இதே ஏற்பாடு வேறு பெயரில் வந்திருக்கிறது. மடியில் தட்டுக்குப் பதில் லேப்டாப்.

மூன்றாவது வகை அரிதானது, ஆனால் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், சில ஆண்டுகளுக்கல்ல, வாழ்நாள் முழுக்க வேண்டும். கல்யாணமானவள் வேண்டாம் என்று அங்கே சொல்ல முடியாது. ஆகவே தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் இடம் இருந்தது. இலங்கை மலையகத்தில் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தோட்டத்து லயன் வாழ்க்கையை நான் புகழவில்லை, அந்தக் கொத்தடிமை வரலாறு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. பிள்ளை வளர்ப்பது தாயின் புனிதக் கடமை என்ற பேச்சு, கொழுந்து வாடிவிடும் என்கிற நெருக்கடி வந்ததும் எவ்வளவு லேசாகக் காணாமற் போகிறது பாருங்கள். தாய்மை குறித்த தத்துவம் எல்லாம் கொழுந்தின் ஈரப்பதத்துக்குக் கட்டுப்பட்டதாகத்தான் இருந்திருக்கிறது.

4

சட்டத்தின் மொழியையும் சற்று வாசிக்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலில் ஐம்பதுக்கு மேல், 1976 திருத்தத்துக்குப் பிறகு முப்பதுக்கு மேல், பெண் தொழிலாளர்கள் இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. முப்பத்தொரு பெண்கள் இருந்தால் காப்பகம். மூவாயிரம் ஆண்கள் இருந்தால்? வேண்டாம். அந்த மூவாயிரம் பேருக்கும் பிள்ளைகள் கிடையாதா? உண்டு, ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று சட்டம் தானாகவே எடுத்துக்கொண்டது. முதலாளியும் கணக்குத் தெரிந்தவன். இருபத்தொன்பது பெண்களோடு நிறுத்திக்கொண்டால் ஒரு அறையும் ஒரு ஆயாவும் மிச்சம்.

2017ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம் இதைக் கொஞ்சம் மாற்றியது. ஐம்பது ஊழியர்கள் இருந்தால், ஆணோ பெண்ணோ, காப்பகம் வேண்டும் என்றது. நல்ல திருத்தம். ஆனால் அடுத்த வரியிலேயே சட்டம் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது: காப்பகத்துக்கு நாளொன்றுக்கு நான்கு முறை சென்றுவர ‘பெண்ணை’ அனுமதிக்க வேண்டுமாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே வாசகத்தை வைத்திருக்கிறது. குழந்தை ஐம்பது பேருக்கும் பொது, அது அழுதால் எழுந்து போக வேண்டியவள் மட்டும் ஒருத்தி.

மகப்பேறு விடுப்பின் கதையும் இதுதான். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு அது 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் பன்னிரண்டு மாதம் என்று வளர்ந்தது. போராடிப் பெற்ற உரிமை. அதில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் தாய்க்கு ஓராண்டு, தகப்பனுக்கு ஏதோ சில நாட்கள் என்று இருக்கும்போது, அந்த விடுப்பு உடம்பு தேறுவதற்கான விடுப்பாக மட்டும் இருப்பதில்லை. இனிமேல் இந்தப் பிள்ளையின் காய்ச்சலும் பள்ளிக்கூடக் கூட்டமும் யாருடைய பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிற பத்திரமாகவும் ஆகிவிடுகிறது. தனியார் துறையில் பலருக்கு இருபத்தாறு வாரச் சம்பளமும் முதலாளி தலையில்தான். அவன் அதைத் தவிர்க்கும் வழி சுலபமானது: பெண்ணை எடுக்காமல் இருப்பது. வயலிலும் சித்தாள் வேலையிலும் இருக்கிற பெண்களுக்கோ விடுப்பு என்ற சொல்லே கிடையாது. போகாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.

5

‘வேலைக்குப் போகும் பெண்’ என்கிற பிம்பத்தை நம் கலை இலக்கியம் எப்படிக் கட்டியது? 1974இல் வந்த பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யை எடுத்துக்கொள்வோம். குடிகார அண்ணன், அண்ணி, விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி, அம்மா என்று எல்லாரையும் ஒற்றைச் சம்பளத்தில் தாங்குகிறாள் கவிதா. தலைமுறை தலைமுறையாய்ப் பெண்கள் பார்த்து அழுத படம். ஆனால் கவிதா அலுவலகத்துக்குக் கிளம்பும் அந்த வீட்டின் வேலைகளைப் பார்க்க அம்மாவும் அண்ணியும் இருக்கிறார்கள். அதாவது அவள் அந்த வீட்டின் மகன். ஆணின் இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, அதனால் அவளுக்குக் கல்யாணம் தவறிப்போகிறதே என்று அழவைத்தது படம். வேலையும் அடுப்பும் சேர்ந்து ஒரே உடம்பில் விழுகிற, அன்றைக்கும் இன்றைக்கும் பெரும்பான்மையான பெண்கள் வாழ்கிற அந்த நாள் படத்துக்கு வெளியே நின்றுவிட்டது. தியாகம் என்ற பெருங்கதையாடலுக்கு நேரக் கணக்கு தோதுப்படாது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இந்த விஷயத்தில் திருப்புமுனை. சமையலறை என்பது இடம், இடம் என்பது அதிகாரம் என்று காட்டிய கதை. ஜன்னலை எந்தப் பக்கம் திறப்பது என்பதே ஒரு அரசியல் கேள்வி என்று அதைப் படித்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. எனக்கு அதிலிருந்து மேலே கேட்கத் தோன்றுவது, மூலையில் இருக்கும் அந்த அறை எத்தனை மணிக்கு மூடும் என்பது. இடத்தைப் பற்றி நம் பெண் எழுத்து நிறையப் பேசிவிட்டது. நேரத்தைப் பற்றிப் பேச இன்னும் நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ‘வேலைக்குப் போகும் பெண்’ என்ற சொற்றொடரே நடுத்தர வர்க்க, மேல்சாதிச் சொற்றொடர். சேரிப் பெண்கள் என்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தார்கள்? நடவுக்கும் களைக்கும் போனவர்கள் வரப்போர மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள். இல்லையென்றால் எட்டு வயது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கினாள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் விஷயத்தில் ஆஞ்சலா டேவிஸ் 1981இல் சுட்டிக்காட்டியதும் இதுவே. அவர்கள் அடுத்தவர் வீட்டு வேலையைக் கூலிக்குச் செய்துவிட்டுத் தம் வீட்டு வேலையைக் கூலியில்லாமல் செய்தவர்கள். இங்கே ஒரு பெண் அதிகாரி ஒன்பது மணிக்கு இருக்கையில் உட்காருகிறார் என்றால், ஆறு மணிக்கே ஒரு அக்கா வந்து பாத்திரம் விளக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த அக்கா தன் வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்தாள்? அவள் பிள்ளையை யார் பார்த்தார்கள்? ஆணிடமிருந்து ஒரு மணி நேரத்தைக்கூட வாங்க முடியாத பெண், வசதி இருந்தால் தன்னைவிடக் கீழே இருக்கும் பெண்ணிடமிருந்து அதை வாங்கிக்கொள்கிறாள். வீட்டு ஆணின் நாற்காலி மட்டும் இடம் மாறுவதேயில்லை.

6

இப்போது எல்லாரும் பெண்ணின் வீட்டு வேலையை அங்கீகரிக்கிறார்கள். 1989 ஜாம்ஷெட்பூர் தீவிபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது உச்ச நீதிமன்றம், 2001இல். 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இல்லத்தரசியின் உழைப்பு பற்றி விரிவாகவே எழுதியது. பெண்ணுக்கு வீட்டு வேலைச் சம்பளம் கிடைக்க அவள் முதலில் செத்தாக வேண்டும் போலிருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உயிரோடிருப்பவர்கள் பக்கமும் திரும்பியது. கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. முக்கியமான தீர்ப்பு.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. கூலியில்லாத வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்றது. இதை இலவசம் என்று ஏளனம் செய்யும் மேட்டிமைக் குரல்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தன் பெயரில் கணக்கு, தன் கையில் காசு என்பது புருஷனிடம் கையேந்தாத ஒரு நாளாவது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம். மாதத்துக்கு ஏறத்தாழ 145 மணி நேரம். ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. தொகை குறைவு என்பது என் முதன்மையான வாதமல்ல. நாளை அதை ஐயாயிரம் ஆக்கினாலும் அந்த 145 மணி நேரம் அவள் தலையிலேயே இருக்கும். ‘குடும்பத் தலைவி’ என்ற பட்டம் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிவிடவும் கூடும்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. 2019இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் செலவிட்டது 299 நிமிடம், ஆண் செலவிட்டது 97 நிமிடம். 2024இல் பெண் 289, ஆண் 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! ஆக, அவள் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தை அவன் எடுத்துச் செய்யவில்லை. கேஸ் அடுப்போ, குழாய்த் தண்ணீரோ, கடை மாவோ எடுத்துக்கொண்டிருக்கலாம். இடைவெளி அப்போது 202 நிமிடம், இப்போது 201. இந்த 97, 88 எல்லாம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான். 2019இல் நூற்றுக்கு இருபத்தாறு ஆண்கள்தான் கை வைத்தார்கள். நீதிமன்றமும் அரசும் அங்கீகரித்த அதே காலத்தில் கடிகாரம் நகர்ந்தது ஒரே ஒரு நிமிடம்.

ஆகவே எந்தத் திட்டத்தையும் அது பேசும் சொல்லை வைத்து அளக்காமல், யாருடைய நாளில் எத்தனை நிமிடத்தை விடுவிக்கிறது என்று அளக்க வேண்டும் என்கிறேன். அப்படி அளந்தால் 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் பெரிய விஷயம். விடிகாலை அடுப்பில் ஒரு பகுதியை அது வீட்டிலிருந்து வெளியே எடுத்துவந்தது. 1982இல் சத்துணவு மதிய அடுப்பில் செய்ததும் இதுவே. பொது உணவகமும் குழந்தைக் காப்பகமும் பெண்ணின் வீட்டடிமைத்தனத்தை நடைமுறையில் உடைப்பவை என்று 1919இல் லெனின் வாதிட்டதை இங்கே நினைவுகூரலாம். ஆனால் வெளியே வந்த அடுப்பின் முன்னாலும் யார் நிற்கிறார்கள்? சுயஉதவிக் குழுப் பெண்கள், சத்துணவு ஆயாக்கள். பிள்ளை வளர்ப்பைப் பொதுவாக்கிய அங்கன்வாடியில் ஊழியருக்கு ஒன்றிய அரசு கொடுப்பதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ‘மதிப்பூதியம்’. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2022 வரை ஆனது. வீட்டில் அன்பு என்ற பெயரில் இலவசமாக வாங்கியதை வெளியே சேவை என்ற பெயரில் மலிவாக வாங்குகிறார்கள்.

7

கடைசியாக நம்மைப் பற்றி. இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் பாதிப்பேர் ஏதேனும் ஒரு அமைப்பில் இருப்பவர்கள். நம் இயக்கங்களில் ‘முழுநேர ஊழியர்’ என்று ஒரு மரியாதைக்குரிய சொல் உண்டு. சொற்பப் படியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர், சிறைக்கும் அஞ்சாதவர். அவர் பலரின் தியாகம் உண்மையானது. அந்த முழுநேரம் எங்கிருந்து கிடைத்தது? ஆசிரியை வேலை பார்த்தோ பீடி சுற்றியோ வீட்டை ஓட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நள்ளிரவில் அவர் அழைத்துவருகிற நாலு தோழர்களுக்கு உப்புமா கிண்டிய ஒருத்தியிடமிருந்து கிடைத்தது. அவருடைய இரங்கல் கூட்டத்தில் அவளைப் பற்றி ஒரு வாக்கியம் வரும்: “உறுதுணையாக இருந்தார்.” மூலதனம் கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்ட அதே மணி நேரத்தைப் புரட்சியும் கூலி கொடுக்காமல்தான் எடுத்துக்கொண்டது.

நான் இருக்கிற சங்கத்தில் கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று போட்டு ஏழு மணிக்குத் தொடங்குவார்கள். ஒருமுறை ஒரு பெண் தோழர் எழுந்து, “தோழர், எட்டரைக்கு மேல எங்க ஊருக்கு பஸ் கெடையாது. போய்த்தான் ஒல வைக்கணும். என் கருத்த மொதல்ல சொல்லிட்டுப் போயிடட்டுமா?” என்று கேட்டார். “இருங்க தோழர், அரசியல் அறிக்கை முடியட்டும்” என்று பதில் வந்தது. அறிக்கையில் பெண் விடுதலை பற்றி இரண்டு பத்தி இருந்தது. அது வாசிக்கப்பட்டபோது அவர் பஸ்ஸில் இருந்தார். பெண்கள் பொறுப்புக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று அதே சங்கத்தில் அடிக்கடி குறைப்படுகிறார்கள். வர மாட்டேன் என்று யார் சொன்னது? பொறுப்பு என்பதை ராத்திரி பத்து மணி வரை உட்கார முடிகிறவர்களின் பதவியாக வரையறுத்துவிட்டு, உட்கார முடியாதவளின் ஆர்வத்தைச் சந்தேகிக்கிறோம். ஆலை முதலாளியும் இதே வாதத்தைத்தான் வைக்கிறான், கொஞ்சம் வெளிப்படையாக.

கோரிக்கைகள் என்று பார்த்தால் அவை ஒன்றும் புதிரல்ல. காப்பகத்தை ஒரு முதலாளியின் ஆள் எண்ணிக்கையோடு கட்டாமல், தொழிற்பேட்டைக்கும் வட்டாரத்துக்கும் பொதுவாக, எல்லா முதலாளிகளிடமும் நிதி பெற்று நடத்தக் கேட்கலாம். அங்கன்வாடி ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருக்க வேண்டும், அதற்கேற்பக் கூடுதல் ஆட்கள் முறையான ஊதியத்தில் வேண்டும். தகப்பனுக்கும் பல மாத விடுப்பு, அவன் எடுக்காவிட்டால் கழிந்துபோகிற விடுப்பு வேண்டும். நோயாளியையும் முதியோரையும் பார்ப்பதற்கான விடுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வேண்டும். இவற்றைக் கேட்பதில் நமக்குச் சங்கடம் எதுவும் இல்லை. கேட்கப்படுவது அரசும் முதலாளியும்தானே.

சங்கடம் தருபவை, அரசாணை தேவைப்படாதவை. கூட்டத்தைப் பகலில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கறி எடுத்து யார் சமைப்பார்கள் என்ற கேள்வி ஆண் தோழர்களின் வீட்டிலும் அன்றைக்கு முதன்முறையாக எழும். மாநாட்டு அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியலுக்குக் கீழே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அச்சிடுங்கள், அந்த முறைப்பட்டியலில் மாவட்டச் செயலாளரின் பெயரும் இருக்கட்டும். எட்டு மணி நேர வேலை நாளுக்கான அடுத்த தீர்மானத்தை எழுதும்போது, மீதிப் பதினாறு மணி நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். அந்தப் பத்தியை எழுதும் பொறுப்பை எழுந்து பஸ்ஸுக்குப் போன தோழரிடம் கொடுங்கள். அவருக்கு எழுத நேரம் வேண்டும் என்பதால், அன்றைக்கு அவர் வீட்டு உலையை வேறு யாராவது வைக்க வேண்டியிருக்கும்.